ரூட்டையே உள்ளே விடாத சர்வர்

லினக்ஸில் முதல் தடவை டேட்டாபேஸ் சர்வர் நிறுவிய யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான் வரும். "இன்ஸ்டால் ஆயிடுச்சு, ஆனா உள்ள போக முடியல." மெஷின் சொந்த மெஷின். ரூட் பாஸ்வேர்டு கையில். ஆனாலும் அந்த சர்வர் நம்மைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்கும்.

என் புலம்பல் 2004-ம் வருஷத்தது. பி.இ. முடித்து வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நண்பர் ஒருவருக்குத் தெரிந்த சின்ன கல்வி அறக்கட்டளை, பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருந்தது. விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பெயர்கள் தமிழில் இருக்க வேண்டும், காசோலையிலும் தமிழிலேயே அச்சாக வேண்டும். பழைய பென்டியம் பெட்டி ஒன்று கிடைத்தது. மூன்று சிடியில் ரெட் ஹேட் 9 இருந்தது. அதோடு இரண்டு டேட்டாபேஸ்கள் வந்தன: மைஎஸ்கியூஎல் 3.23, போஸ்ட்கிரஸ்எஸ்கியூஎல் 7.3. இரண்டையும் போட்டுப் பார்த்து எது தேவலையோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

மைஎஸ்கியூஎல் ஐந்து நிமிஷத்தில் எழுந்தது. சர்வீஸை ஸ்டார்ட் செய்து, பெயரைத் தட்டினேன், உள்ளே இருந்தேன். பாஸ்வேர்டு கேட்கவில்லை. "டெஸ்ட்" என்ற பெயரில் விளையாடிப் பார்க்க ஒரு டேட்டாபேஸ்கூடத் தயாராக இருந்தது.

போஸ்ட்கிரஸுக்கு மூன்று நாள் மாலை போயிற்று. ரூட்டாக உள்ளே போகப் பார்த்தால், ரூட் என்று ஒரு பயனரே இல்லை என்றது. சரி, அதன் தலைமைப் பயனர் போஸ்ட்கிரஸ் என்று படித்துவிட்டு அந்தப் பெயரில் போனால், ஐடென்ட் சரிபார்ப்பு தோற்றுவிட்டது என்றது. கோபத்தில் சர்வரை நிறுத்திவிட்டு நானே கையால் கிளப்பப் பார்த்தேன். ரூட்டாக இதை இயக்க அனுமதி இல்லை என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தது. கடைசியில் எப்படியோ உள்ளே போய், நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு எழவே மாட்டேன்னுச்சு.

மைஎஸ்கியூஎல்லைத் தேர்ந்தெடுத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். எட்டு மாதம் கழித்து அதற்கு விலை கொடுத்தேன். அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பிழைச் செய்திகளைப் பார்த்துவிடலாம். பொழுதுபோக்காக டேட்டாபேஸ் வரலாற்றை நோண்ட ஆரம்பித்த பிறகு எனக்குத் தெரியவந்த விஷயம் இது: அந்த மூன்று நாள் தகராறில் பாதி, 1970-களில் கலிஃபோர்னியாவில் முடிவானது.

எட்கர் காட், ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆங்கிலேயர். தகவலை அட்டவணைகளாகப் பார்க்கலாம், அது வட்டில் எங்கே எப்படிக் கிடக்கிறது என்பது கேள்வி கேட்பவருக்குத் தெரியவே வேண்டாம் என்று 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஐபிஎம்மே அதை வைத்து சிஸ்டம் ஆர் என்ற ஆய்வைத் தொடங்கியது. நாம் இன்று எழுதும் எஸ்கியூஎல் அங்கே பிறந்ததுதான். கொஞ்ச தூரத்தில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜின் வோங் என்ற இரண்டு பேராசிரியர்கள் அதே கட்டுரையைப் படித்துவிட்டு 1973-ல் தாங்களும் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார்கள். அதன் பெயர் இங்ரெஸ்.

ஐபிஎம்மிடம் பெரிய மெயின்ஃபிரேம் இருந்தது. பெர்க்லியிடம் இருந்தது பிடிபி-11 என்ற சின்ன மெஷின், அதன் மேல் அப்போதுதான் வெளியே தலைகாட்டிய யூனிக்ஸ். பிடிபி-11-ல் ஒரு புரோகிராமுக்குக் கிடைக்கும் முகவரி இடம் 64 கேபி. இப்போது நாம் வாட்ஸப்பில் அனுப்பும் ஒரு மங்கலான போட்டோ அதைவிடப் பெரிது. அதற்குள் ஒரு முழு டேட்டாபேஸை எப்படி அடைப்பது? அடைக்கவில்லை. இங்ரெஸை நான்கு துண்டாக வெட்டி, நான்கு தனித்தனி பிராசஸாக ஓட விட்டு, யூனிக்ஸின் பைப் வழியாக ஒன்றோடு ஒன்றைப் பேச வைத்தார்கள். வீடு சின்னதாக இருந்தால் சமையலை முற்றத்திலும் படுக்கையைத் திண்ணையிலும் வைத்துக்கொள்வோமே, அந்த மாதிரி.

1986-ல் ஸ்டோன்பிரேக்கர், லாரன்ஸ் ரோவோடு சேர்ந்து அடுத்த ஆய்வைத் தொடங்கினார். இங்ரெஸுக்குப் பிறகு வருவது, ஆகவே போஸ்ட்-இங்ரெஸ், சுருக்கமாக போஸ்ட்கிரஸ். நாம் லினக்ஸில் பார்க்கும் அந்தப் பயனர் பெயர் இந்தப் பெயர்தான். இந்த நேரத்துக்கு 64 கேபி பிரச்சினை போய்விட்டது. ஆனால் பிராசஸ் பழக்கம் போகவில்லை. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி பிராசஸ் என்று வைத்துக்கொண்டார்கள், எழுதவும் பிழை திருத்தவும் அது சுலபம் என்பதால். இன்றைக்கும் அதுதான் நிலைமை. உங்கள் லினக்ஸ் மெஷினில் ஓடும் பிராசஸ்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். போஸ்ட்கிரஸில் எத்தனை கனெக்‌ஷனோ அத்தனை வரி தெரியும்.

தனித்தனி பிராசஸ் என்றால் ஒன்றின் நினைவகம் இன்னொன்றுக்குத் தெரியாது. ஆனால் எல்லாரும் ஒரே அட்டவணையை அல்லவா பார்க்க வேண்டும்? அதற்காக எல்லாருக்கும் பொதுவாக ஒரு துண்டு நினைவகத்தை இயங்குதளத்திடம் கேட்டு வாங்க வேண்டும். லினக்ஸ் அந்தப் பொதுத் துண்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருந்தது: 32 எம்பி. நான் 2004-ல் ஆசைப்பட்டு 64 எம்பி கேட்டேன். கெர்னல் மறுத்தது, சர்வர் படுத்துவிட்டது. அந்தக் காலத்துக் கையேடுகளில் எல்லாம் முதல் அத்தியாயத்திலேயே கெர்னல் அமைப்பில் அந்த வரம்பை உயர்த்தச் சொல்லி ஒரு வரி இருக்கும். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கோயில் வாசலில் வலது காலை எடுத்து வை என்பது போல. 2013-ல் வந்த போஸ்ட்கிரஸ் 9.3 வேறு வழியில் நினைவகம் கேட்கக் கற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் லினக்ஸும் அந்த வரம்பை ஏறக்குறைய எடுத்தே விட்டது. இப்போது நிறுவுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

ரூட் விஷயத்துக்கு வருவோம். போஸ்ட்கிரஸ் ஆய்வின் முக்கியமான ஆசை, பயனரே புதுத் தகவல் வகைகளையும் புதுச் செயல்களையும் எழுதி சர்வருக்குள் ஏற்ற முடிய வேண்டும் என்பது. வரைபடப் புள்ளி வேண்டுமா, நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அருமையான யோசனைதான். ஆனால் இதன் மறுபக்கம் என்ன? டேட்டாபேஸின் தலைமைப் பயனர், சர்வருக்குள் சி மொழியில் எழுதிய எதை வேண்டுமானாலும் ஓட விடலாம். மெஷினில் இருக்கும் கோப்புகளைப் படிக்கலாம், எழுதலாம். அந்த சர்வர் ரூட்டாக ஓடினால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கிடைத்தவனுக்கு மெஷினே கிடைத்த மாதிரி. அதனால்தான் போஸ்ட்கிரஸ் என்று அதிகாரம் குறைந்த ஒரு தனிப் பயனர். அந்தப் பயனர் கணக்குக்கு மாறிக்கொண்டு வா, லினக்ஸ் உன்னை யார் என்று சொல்கிறதோ அதை நான் நம்புகிறேன் என்பதுதான் ஐடென்ட் சரிபார்ப்பு. இப்போது உள்ளூர் கனெக்‌ஷனுக்கு அதன் பெயர் பியர். முதல் நாள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். நியாயமான சுவர் என்று எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று.

பெர்க்லி ஆய்வு 1994-ல் முடிந்தது. அந்த ஆய்வின் மொழி எஸ்கியூஎல் இல்லை, போஸ்ட்க்வெல். ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதைக் கழற்றிவிட்டு எஸ்கியூஎல்லை மாட்டி, போஸ்ட்கிரஸ்95 என்று இணையத்தில் விட்டார்கள். 1996-ல் அவர்கள் படிப்பு முடிந்து போனபோது, டொராண்டோவில் இருந்த மார்க் ஃபோர்னியே தன் சர்வரில் இடம் கொடுத்தார். அமெரிக்காவில் புரூஸ் மோம்ஜியன், தாமஸ் லாக்ஹார்ட், சைபீரியாவில் கிராஸ்நோயார்ஸ்க் நகரத்தில் வாடிம் மிகேயெவ் என்று முகம் பார்க்காத சில பேர் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பல்கலைக்கழகம் கைவிட்ட ஆய்வுக்கூடப் பொருள். ஆய்வுக்கூடத்தின் கறார் அதில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

மைஎஸ்கியூஎல்லின் கதை வேறு மாதிரி. ஸ்வீடனில் டிசிஎக்ஸ் என்ற சின்ன கம்பெனி. மைக்கேல் வீடேனியஸ், டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் என்று மூன்று பேர். வீடேனியஸை எல்லாரும் மான்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். 1979-லிருந்தே யூனிரெக் என்று சொந்தமாக ஒரு தகவல் சேமிப்புக் கருவியை எழுதி வைத்திருந்தார். இணையப் பக்கங்களுக்குத் தகவல் எடுத்துக் கொடுக்க அதன் மேல் எஸ்கியூஎல் வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் டேவிட் ஹ்யூஸ் எழுதிய எம்எஸ்கியூஎல்லை மாட்டப் பார்த்தார்கள். வேகம் போதவில்லை. அதே மாதிரி வெளி இடைமுகத்தோடு தாங்களே ஒன்றை எழுதிக்கொண்டார்கள், 1995-ல். மான்ட்டியின் மகள் பெயர் மை. அதுதான் மைஎஸ்கியூஎல். ஆங்கிலத்தில் "என்னுடைய" என்று அர்த்தமாக்கும் என்று நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெர்க்லிக்காரர்களின் கேள்வி "தகவல் சரியா?" என்பது. இவர்கள் கேள்வி "பக்கம் சீக்கிரம் வருதா?" 1990-களின் கடைசியில் வலைப்பக்கம் நடத்தியவர்களுக்கு வேண்டியதும் அதுதான். லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி என்ற நாலையும் சேர்த்து லேம்ப் என்ற பெயர் 1998-ல் ஒரு ஜெர்மன் பத்திரிகையில் வந்தது. அதே வருஷம்தான் ஆரக்கிள் லினக்ஸுக்கு வந்தது. ஆனால் வீட்டில் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு கற்றவர்களுக்கு ஆரக்கிள் எட்டாக்கனி. எங்களை மாதிரி ஆட்களை டேட்டாபேஸ் பக்கம் இழுத்தது மைஎஸ்கியூஎல்தான், அந்த ஐந்து நிமிஷ நிறுவல்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் எழுந்ததன் ரகசியம், கதவு எல்லாம் திறந்திருந்தது. நிறுவி முடித்ததும் அதில் ரூட் என்று ஒரு கணக்கு இருக்கும். லினக்ஸ் ரூட்டுக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். அதற்கு பாஸ்வேர்டு கிடையாது. பெயரே இல்லாத கணக்கு ஒன்றும் இருக்கும். அந்த டெஸ்ட் டேட்டாபேஸ் எல்லாருக்கும் பொது. இதையெல்லாம் மூடுவதற்கென்றே ஒரு சின்ன புரோகிராம் கூட வந்தது. ஓட்டினால் ஒவ்வொன்றாகக் கேட்டு மூடும். நான் ஓட்டவில்லை. 2015-ல் வந்த 5.7-ல்தான், முதல் முறை தயாராகும்போது ரூட் கணக்குக்குத் தானே ஒரு பாஸ்வேர்டு உருவாக்கிப் பதிவேட்டில் எழுதி வைக்கும் வழக்கம் வந்தது.

ஆனால் என்னைக் கடித்தது அது இல்லை. எழுத்து.

மைஎஸ்கியூஎல் 3.23-க்கு யூனிகோட் தெரியாது. அது ஸ்வீடனில் பிறந்ததால் இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன்1, அகரவரிசை ஸ்வீடன்காரர்களின் அகரவரிசை. எதையும் மாற்றாமல் நிறுவிய எல்லார் மெஷினிலும், மதுரையில் இருந்தாலும் மலேசியாவில் இருந்தாலும், பெயர்கள் ஸ்வீடிஷ் ஒழுங்கில்தான் அடுக்கப்பட்டன. இருந்தும் தமிழ் வேலை செய்தது. எப்படி? யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். பிரவுசர் அந்தப் பைட்களை அனுப்பியது. மைஎஸ்கியூஎல் அவற்றை ஏதோ ஐரோப்பிய எழுத்துகள் என்று நினைத்து அப்படியே வைத்துக்கொண்டது, கேட்டபோது அப்படியே கொடுத்தது. பிரவுசர் மறுபடி தமிழாகக் காட்டியது. தபால்காரருக்குக் கடிதத்தின் மொழி தெரிய வேண்டாம் இல்லையா, அது மாதிரி.

பெயர்க் கட்டத்துக்கு நான் 40 என்று நீளம் கொடுத்திருந்தேன். நாற்பது எழுத்துக்கு மேல் எவருக்குப் பெயர் இருக்கிறது? ராஜா, கலா என்று போட்டுப் பார்த்தேன், நன்றாக வந்தது.

அந்த 40, எழுத்து அல்ல, பைட். "தமிழ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறியீடு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. பைட்டில் 15. இப்போது "கிருஷ்ணமூர்த்தி". நாம் எண்ணினால் எட்டு எழுத்து. குறியீட்டில் 15. பைட்டில் 45. மைஎஸ்கியூஎல் முதல் 40 பைட்டை எடுத்துக்கொண்டு மீதி 5-ஐ எறிந்துவிட்டது. "கிருஷ்ணமூர்த்" வரைக்கும் 39 பைட். நாற்பதாவது பைட், அடுத்த தகரத்தின் மூன்றில் ஒரு பங்கு. அது திரையில் ஒரு கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும். மீனாட்சிசுந்தரத்துக்கும் இதே கதி.

எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. இதுதான் எனக்கு இன்றும் உறுத்துவது. பொருந்தாததை வெட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று அது சொன்னது. தட்டச்சு செய்த பெண்மணி ஒழுங்காகத்தான் தட்டச்சு செய்தார். எட்டு மாதம் கழித்துக் காசோலைகள் அச்சாகி, பெயர் குறைபட்ட சிலவற்றை வங்கியில் வாங்க மறுத்து, ஒரு பையனுடைய அப்பா பஸ் ஏறி வந்து அலுவலகத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. "என் பேர்ல பாதிய யார் சார் எடுத்தது?" என்று கேட்டாராம். பள்ளிக் கட்டணம் கட்டும் கடைசித் தேதி தாண்டியிருந்தது.

வெட்டப்பட்ட பைட்களை மீட்க வழி கிடையாது. அவை வட்டுக்குப் போகவே இல்லை. பேக்கப் இருந்தது, அதிலும் பாதிப் பெயர்தான். காகித விண்ணப்பங்களை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி நானும் நண்பரும் நீளமான பெயர்களை எல்லாம் மறுபடி அடித்தோம். நல்லவேளை, காகிதத்தை யாரும் எடைக்குப் போடவில்லை.

அந்த இரண்டாவது ராத்திரிதான் சும்மா ஓர் ஆர்வத்தில், மூலையில் தூங்கிக்கொண்டிருந்த போஸ்ட்கிரஸை எழுப்பி, அதே நீளத்தில் ஓர் அட்டவணை செய்து, அதே பெயரைப் போட்டுப் பார்த்தேன். மதிப்பு நீளமாக இருக்கிறது என்று சொல்லி ஏற்க மறுத்துவிட்டது. முன்பு அதுவும் வெட்டிக்கொண்டிருந்ததுதான். 7.2-ல், அதாவது நான் நிறுவியதற்கு ஒரு பதிப்பு முன்னால், வெட்டக்கூடாது, மறுக்க வேண்டும் என்று மாற்றியிருந்தார்கள். அந்த ஒரு வரி மறுப்பு எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் நீளத்தை 120 ஆக்கிவிட்டுப் போயிருப்பேன்.

மைஎஸ்கியூஎல்லும் மாறியது, மெதுவாக. 4.1-ல் யூனிகோட் வந்தது. ஆனால் அவர்களுடைய "யூடிஎஃப்8" மூன்று பைட் வரைக்கும்தான். தமிழுக்கு அது சரியாகப் பொருந்தியது, நாலு பைட் கேட்கும் எமோஜிதான் மாட்டிக்கொண்டது. நாலு பைட்டுக்கு 2010-ல் தனியாக இன்னொரு பெயர் வைத்தார்கள். நீளமான மதிப்பை மறுப்பது 5.7-ல் இயல்பானது. ஸ்வீடிஷ் அகரவரிசை இயல்புநிலையிலிருந்து விலகியது 2018-ல், 8.0-ல். இந்த இடைப்பட்ட காலத்தில் தமிழில் வலைப்பதிவு வைத்திருந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: சர்வரை மாற்றிய மறுநாள் பதிவு முழுக்கத் தலையில் கோடு போட்ட ஒரு சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர் என்று வரும். தமிழ்க் குறியீட்டின் முதல் இரண்டு பைட்களை லத்தீன்1 கண்ணாடி வழியாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பழைய சர்வர் பொய்யான பெயரில் பத்திரமாக வைத்திருந்ததை, புது சர்வர் உண்மை என்று நம்பி "மொழிபெயர்த்து" விட்டதன் விளைவு. அதற்கு வைத்தியம் உண்டு. அந்தக் கட்டத்தை முதலில் எழுத்தே இல்லாத வெறும் பைட் வகையாக மாற்றி, பிறகு யூனிகோட் வகையாக மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் சிக்கல் இரட்டிப்பாகும். நான் நாலைந்து நண்பர்களின் பதிவுகளை இப்படி மீட்டிருக்கிறேன். ஒருவருடையதை இரட்டிப்பாக்கியும் இருக்கிறேன்.

திறந்த கதவுகளுக்கு வருகிறேன். 2003 ஜனவரி 25-ம் தேதி ஸ்லாமர் என்ற புழு கிளம்பியது. மொத்தம் 376 பைட். நம்ம கிருஷ்ணமூர்த்திகள் எட்டுப் பேர் பெயர் அளவு. மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் இருந்த ஓர் ஓட்டை வழியாக, பத்து நிமிஷத்துக்குள் சுமார் 75,000 மெஷின்களைப் பிடித்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதம் முன்னாலேயே வந்திருந்தது. பல பேருக்குத் தங்கள் மெஷினில் ஒரு டேட்டாபேஸ் சர்வர் ஓடுகிறது என்பதே தெரியாது. வேறு ஏதோ மென்பொருளோடு அதன் சின்ன வடிவம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. லினக்ஸ்காரர்கள் அன்று கொஞ்சம் சிரித்தார்கள். மைக்ரோசாஃப்டின் அந்த சர்வர், சைபேஸிலிருந்து வந்தது. சைபேஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் எப்ஸ்டீன், இங்ரெஸில் வேலை பார்த்தவர். ஆக, நிரல் வழியில் இல்லாவிட்டாலும் மனுஷங்க வழியில் அதுவும் பெர்க்லிக்கு உறவுதான்.

சிரித்தவர்களுக்கு 2017 ஜனவரியில் பதில் வந்தது. மாங்கோடிபி என்ற புது வகை டேட்டாபேஸை எல்லாரும் ஐந்து நிமிஷத்தில் நிறுவிக்கொண்டிருந்தார்கள். பாஸ்வேர்டு இல்லாமல், உலகத்தைப் பார்த்துத் திறந்து வைக்கப்பட்ட சர்வர்களை யாரோ வரிசையாகத் துடைத்துவிட்டு, தகவல் வேண்டுமானால் பிட்காயின் அனுப்பு என்று ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனார்கள். பல்லாயிரக்கணக்கான சர்வர்கள். பணம் அனுப்பிய பல பேருக்கும் ஒன்றும் திரும்ப வரவில்லை, அழித்தவர்கள் நகல் எடுத்தே வைக்கவில்லை. சொந்த மெஷினுக்கு மட்டும் காது கொடுக்கும் இயல்புநிலை, அதன் லினக்ஸ் பொதிகளில் முன்பே வந்திருந்தது. எல்லா வடிவங்களுக்கும் வந்தது அந்த வருஷக் கடைசியில், 3.6-ல்.

போஸ்ட்கிரஸ் இதில் ஆரம்பத்திலிருந்தே செவிடு. 8.0-க்கு முன்னால், நீங்களாகச் சொல்லாவிட்டால் அது நெட்வொர்க்கையே கேட்காது. 2005-ல் வந்த 8.0-லிருந்து சொந்த மெஷினை மட்டும் கேட்கும். வெளியே திறக்க இரண்டு கோப்பில் கை வைக்க வேண்டும்: எந்த முகவரியில் காது கொடுப்பது என்று ஒன்று, யாரை எப்படிச் சரிபார்த்து விடுவது என்று இன்னொன்று. முதல் தடவை நிறுவுகிறவர்கள் ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்து ஒரு மாலையைத் தொலைப்பது வழக்கம். பிறகு கடுப்பாகி, இரண்டாவது கோப்பில் எல்லாரையும் நம்பு என்று எழுதிவிடுவதும் வழக்கம். அதை மட்டும் செய்யாதீர்கள்.

இன்னொரு சபலமும் உண்டு. வேகம் போதவில்லை என்று தேடினால், எஃப்சிங்க்கை அணைத்துவிடு என்று எங்கேயாவது ஓர் ஆலோசனை கிடைக்கும். எழுதியதை உண்மையிலேயே வட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர் என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் கட்டளை அது. இயங்குதளம் தானாக விட்டால் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு பிறகு எழுதும், நடுவில் கரண்ட் போனால் போச்சு. ஸ்டோன்பிரேக்கர் 1981-லேயே, இயங்குதளங்கள் டேட்டாபேஸுக்கு வேண்டியதைச் சரியாகச் செய்வதில்லை என்று ஒரு கட்டுரை எழுதி இதையும் குறையாகச் சொன்னார். முப்பத்தேழு வருஷம் கழித்து, 2018-ல், கிரெய்க் ரிங்கர் என்ற போஸ்ட்கிரஸ்காரர் ஒரு பூதத்தைக் கிளப்பினார். லினக்ஸில் வட்டு எழுத்து தோற்றால் எஃப்சிங்க் ஒரு தடவை பிழை சொல்லும். சரி, மறுபடி முயற்சி செய்வோம் என்று இரண்டாவது தடவை கேட்டால், வெற்றி என்று சொல்லிவிடும், தகவல் வட்டுக்குப் போகாமலே. மைஎஸ்கியூஎல் என் பெயரை வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்றதைப் போலவே. போஸ்ட்கிரஸ் 2019-ல் கண்டுபிடித்த தீர்வு, அதன் சுபாவத்துக்கு ஏற்றது: எஃப்சிங்க் ஒரு தடவை தோற்றாலே சர்வர் தன்னைத் தானே வீழ்த்திக்கொண்டு, எழுந்து, பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதும்.

போன வருஷம் என் குழுவில் சேர்ந்த ஒரு பையனிடம் சோதனைக்கு ஒரு போஸ்ட்கிரஸ் சர்வர் போடச் சொன்னேன். மூன்று நாள் எடுத்துக்கொள்ளட்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. டீ குடித்துவிட்டு வருவதற்குள், "முடிஞ்சுது சார்" என்றான். டாக்கரில் ஒரு வரிக் கட்டளை. பாஸ்வேர்டு கேட்டதாம், கொடுத்தானாம். ரூட் தகராறு, ஐடென்ட், நினைவக வரம்பு, எதுவுமே அவனுக்குத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் பதிவேட்டைப் பார்த்தால், போஸ்ட்கிரஸ் என்ற பெயரில் நுழையப் பார்த்துத் தோற்றவர்களின் வரிகள் பக்கம் பக்கமாக ஓடின. ஏதேதோ நாட்டு முகவரிகள். "ஃபயர்வால் ஆன்ல தான் சார் இருக்கு, 5432-ஐ நான் திறக்கவே இல்லையே" என்றான். உண்மைதான், அவன் திறக்கவில்லை. டாக்கர் படிமத்துக்குள் இருக்கும் போஸ்ட்கிரஸ் எல்லா முகவரிக்கும் காது கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது, வெளியே இருந்து பேச வேறு வழியில்லை என்பதால். போர்ட்டை வெளியே காட்டு என்று கட்டளையில் சொன்னால், டாக்கர் அந்த மெஷினின் எல்லா முகவரியிலும் காட்டும். அதற்கான விதிகளை, உபுண்டுவின் ஃபயர்வால் கருவி போட்ட விதிகளைத் தாண்டிக்கொண்டு தானே எழுதிக்கொள்ளும். பாஸ்வேர்டு நீளமாக இருந்ததால் தப்பித்தோம். 2020 வரைக்கும் அந்தப் படிமம் பாஸ்வேர்டே கொடுக்காவிட்டாலும் ஓர் எச்சரிக்கையோடு எழுந்துவிடும்.

கட்டளையில் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்து மறுபடி கிளப்பினான். பதிவேடு அடங்கியது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆனா எல்லாரும் போஸ்ட்கிரஸ்ங்கற பேர்லயே தட்டறாங்களே, அது யாரு சார்?" என்று கேட்டான். கீழே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், பிடிபி-11-லிருந்து ஆரம்பித்தேன்.